நள்ளிரவில் வரும் பீதி: மூளை அலைகள் சொல்லும் உண்மை

இரவு மணி பன்னிரண்டு. பென்னாகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். பத்து மணிக்குப் படுத்து அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்த ஒரு கொத்தனார் திடுக்கிட்டு எழுந்து உட்காருகிறார். இருதயம் படபடவென்று அடித்துக்கொள்கிறது. மூச்சு முட்டுகிறது. விரல் நுனியெல்லாம் மரத்துப்போகிறது. வேட்டி நனையும் அளவுக்கு வியர்வை. "ஐயோ, உயிர் போகிறதே!" என்று அலறுகிறார்.

வீடே விழித்துக்கொள்கிறது. மனைவி நெஞ்சைத் தடவி விடுகிறாள். தாய் குலதெய்வத்தை வேண்டிக்கொண்டு நெற்றியில் விபூதி பூசுகிறாள். 108 வண்டி வருகிறது. தர்மபுரி அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் பாதி வேதனை தணிந்துவிடுகிறது. இ.சி.ஜி. எடுத்துப் பார்க்கிறார்கள். ரத்தத்தையும் சோதிக்கிறார்கள். இருதயத்தில் ஒரு கோளாறும் இல்லை.

"உங்களுக்கு ஒன்றும் இல்லை. தைரியமாக வீட்டுக்குப் போங்கள்."

ஒன்றும் இல்லையா? அப்படியானால் அந்த மரண வேதனை எங்கிருந்து வந்தது?

இந்தக் கொத்தனாருக்குப் பெயர் இல்லை. தர்மபுரி, பாலக்கோடு, அரூர் என்று எந்தப் பக்கம் போனாலும் இவரைப் போல ஒருவர் இருப்பார். பத்து நாளில் மறுபடியும் அந்த வேதனை வரும். சேலத்துக்குப் போய் ஸ்கேன் எடுப்பார். ஆடு விற்ற காசு அதிலே போகும். "பயந்த கோளாறு" என்று வேப்பிலை அடிப்பார்கள், தாயத்து கட்டுவார்கள். வேதனையை விட, அது மறுபடி எப்போது வருமோ என்ற பயம் பெரிதாகிவிடும். பெங்களூர் பஸ்சில் சூளகிரி தாண்டும்போது ஒரு முறை வந்துவிட்டது என்றால், அப்புறம் பஸ் ஏறவே மாட்டார். பெங்களூரில் கட்டிட வேலை. பஸ் ஏறாவிட்டால் கூலி ஏது?

டாக்டர்கள் இதற்குப் "பீதி நோய்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் பானிக் டிஸ்ஆர்டர். இது பைத்தியம் அல்ல. கோழைத்தனமும் அல்ல.

சிப்பாய்களின் இருதயம்

பெயர் புதிது, வியாதி பழையது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிபட்ட சிப்பாய்களைப் பிலடெல்பியா நகரில் டா கோஸ்டா என்ற டாக்டர் கவனித்து வந்தார். பலருக்கு உடம்பில் காயம் இல்லை. ஆனால் நெஞ்சு வலி, படபடப்பு, மூச்சுத் திணறல். "எரிச்சல் கொண்ட இருதயம்" என்று பெயரிட்டு 1871-ம் ஆண்டில் அவர் எழுதினார். குற்றம் இருதயத்தில்தான் என்று அவரும் நினைத்தார். நம் கொத்தனார் நினைப்பதும் அதுதானே!

1959-ம் ஆண்டில் நியூயார்க் பக்கத்தில் உள்ள ஹில்சைடு ஆஸ்பத்திரியில் டொனால்டு கிளைன் என்ற இளம் டாக்டர், இமிப்பிரமின் என்ற புது மருந்தைச் சில நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அந்த நோயாளிகள் தினமும் மூன்று, நான்கு முறை "செத்துவிடுவேன்" என்று நர்சுகளிடம் ஓடி வருகிறவர்கள். சில வாரம் சென்றது. குணம் தெரிகிறதா என்று நோயாளிகளைக் கேட்டார். "ஒன்றும் தெரியவில்லை" என்றார்கள். டாக்டருக்கும் ஒன்றும் புலப்படவில்லை. கடைசியில் உண்மையைச் சொன்னவர்கள் நர்சுகள்தான். "இவர்கள் இப்போது எங்களிடம் ஓடி வருவதே இல்லையே!" என்றார்கள்.

எப்போதும் இருக்கும் சாதாரணக் கவலை வேறு, இடி போல் வந்து விழும் பீதி வேறு என்பது அப்போது தெரிய வந்தது. 1980-ம் ஆண்டில் அமெரிக்க மனநோய் வைத்தியர்களின் நோய்ப் பட்டியலில் பீதி நோய் தனி வியாதியாக இடம் பெற்றது.

இருதயத்தில் குற்றம் இல்லை என்றால், மூளையைத்தானே பார்க்க வேண்டும்? மூளையைத் திறக்காமல் அதன் போக்கை எட்டிப் பார்க்க ஒரு யந்திரம் ஏற்கனவே இருந்தது. அந்த யந்திரம் பிறந்ததும் ஒரு பீதியால்தான்!

குதிரையிலிருந்து விழுந்தவர்

ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் என்ற இளைஞர் வான சாஸ்திரம் படிக்க விரும்பிக் கல்லூரியில் சேர்ந்தார். பிறகு படிப்பை நிறுத்திவிட்டுப் பட்டாளத்தில் சேர்ந்தார். ஒரு நாள் பயிற்சியின்போது அவருடைய குதிரை மிரண்டது. பீரங்கி வண்டிச் சக்கரத்துக்கு முன்னால் போய் விழுந்தார். இன்னும் ஒரு கணம், அவ்வளவுதான். வண்டி நின்றது, உயிர் பிழைத்தது.

அன்று மாலையே வீட்டிலிருந்து தந்தி வந்தது. "நலமா?" என்று தந்தை கேட்டிருந்தார். வெகு தூரத்தில் இருந்த தமக்கை, தம்பிக்கு ஏதோ ஆபத்து என்று மனம் பதறி, தந்தி கொடுக்கச் சொன்னாளாம்.

தற்செயலாகவே இருக்கலாம். ஆனால் பெர்கரின் மனத்தை அது விடவில்லை. தன் பயம் மூளையிலிருந்து ஏதோ ஒரு சக்தியாகப் புறப்பட்டுத் தமக்கையைத் தொட்டதோ? அந்தச் சக்தியை அளந்து பார்த்துவிட வேண்டும் என்று டாக்டருக்குப் படித்தார். ஜேனா நகரில் மனநோய் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்து அங்கேயே தலைமை டாக்டர் ஆனார்.

முயல், குரங்கு ஆகியவற்றின் மூளையில் மெல்லிய மின்சாரம் ஓடுவதை இங்கிலாந்தில் ரிச்சர்டு கேட்டன் 1875-ம் ஆண்டிலேயே கண்டிருந்தார். மனிதன் மூளையில் அதைப் பதிவு செய்தவர் பெர்கர். ஆண்டு 1924. சோதனைக்கு உட்பட்டவன் ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு பையன், வயது 17. ஐந்து ஆண்டு காலம் சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டுச் சோதித்துப் பார்த்து, 1929-ம் ஆண்டில்தான் பெர்கர் அதை வெளியிட்டார். தன் மகனையும் மகளையும்கூட அவர் விடவில்லை. மகள் கண்ணை மூடிச் சும்மா இருந்தபோது அலைகள் ஒழுங்காக எழுந்து விழுந்தன. ஒரு பெருக்கல் கணக்குக் கொடுத்ததும் அந்த ஒழுங்கு கலைந்தது!

உலகம் நம்பவில்லை. கேம்பிரிட்ஜில் நோபல் பரிசு பெற்ற ஏட்ரியன் என்ற விஞ்ஞானி, 1934-ம் ஆண்டில் தம் தலையிலேயே கம்பியைப் பொருத்திக்கொண்டு அதே அலைகளைக் காட்டினார். பிறகுதான் நம்பினார்கள். தமக்கையின் மனம் பதறியதற்கு மட்டும் எந்த யந்திரமும் இன்றுவரை விளக்கம் சொல்லவில்லை!

தலையில் எண்ணெய் கூடாது

மூளை அலைப் பதிவுக்கு இன்று இ.இ.ஜி. என்று பெயர். இருதயத்துக்கு இ.சி.ஜி. போல மூளைக்கு இது.

சோதனைக்குப் போகிறவரிடம் முதலில் சொல்வது, "தலைக்குக் குளித்துவிட்டு வாருங்கள், எண்ணெய் வைக்க வேண்டாம்" என்பதுதான். எண்ணெய் இருந்தால் கம்பி சரியாக ஒட்டாது. தலையில் பல இடங்களில் பசை தடவி, சிறு சிறு உலோக வில்லைகளை ஒட்டுகிறார்கள். எந்தெந்த இடத்தில் ஒட்டுவது என்பதற்கு 1958-ம் ஆண்டில் ஜாஸ்பர் என்பவர் வகுத்த கணக்கு உலகம் முழுவதும் வழங்குகிறது. மூக்கின் மேட்டிலிருந்து பிடரி வரை அளந்து, நூற்றுக்குப் பத்து, நூற்றுக்கு இருபது என்று பங்கு பிரிக்கும் கணக்கு அது.

கம்பிகளைப் பார்த்ததும் பலர் மிரண்டுவிடுகிறார்கள். "ஷாக் கொடுக்கப் போகிறார்கள்!" என்று எழுந்து ஓடப் பார்ப்பவர்களும் உண்டு. ஷாக் வைத்தியம் வேறு. இந்த யந்திரம் தலைக்குள் மின்சாரத்தைச் செலுத்துவதே இல்லை. தலையிலிருந்து வருவதை வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். வருவதும் எவ்வளவு? ஒரு டார்ச் லைட் செல்லில் ஒன்றரை வோல்ட் இருக்கிறது. மூளை அலை அதில் சுமார் முப்பதாயிரத்தில் ஒரு பங்கு!

அந்தத் துளியைப் பெருக்கிக் கோடாக வரைகிறது யந்திரம். ஆழ்ந்த தூக்கத்தில் வினாடிக்கு நான்குக்கும் குறைவான பெரிய, மந்தமான அலைகள். அவை டெல்டா. கண்ணை மூடி அமைதியாக இருக்கும்போது தலையின் பின்புறத்தில் வினாடிக்கு 8 முதல் 13 வரை எழும் அலைகள் ஆல்பா. மனம் பரபரக்கும்போது ஓடும் சின்னச் சின்ன வேக அலைகள் பீட்டா. சோதனை சுமார் அரை மணி நேரம். வலி இல்லை. தலையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

வலிப்பா, பீதியா?

பீதி நோயில் இந்த யந்திரத்தின் பெரிய உபயோகம், ஆள்மாறாட்டத்தைக் கண்டுபிடிப்பதுதான்.

வலிப்பு என்றால் கீழே விழுந்து கைகால் வெட்டி, வாயில் நுரை தள்ளுவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வேறு மாதிரியும் உண்டு. காதுக்கு மேலே உள்ள மூளைப் பகுதியில் மட்டும் வலிப்பு எழுந்தால், ஆள் விழுவதில்லை. காரணம் இல்லாமல் ஒரு பயம் அடிவயிற்றிலிருந்து கிளம்பும். அந்த இடம் ஏற்கனவே பார்த்த இடம் போல் தோன்றும். அரை நிமிடம், ஒரு நிமிடம், அதற்குள் முடிந்துவிடும். அப்போது சிலர் வாயைச் சப்புக்கொட்டுவார்கள். கூப்பிட்டால் பதில் வராது. முடிந்த பிறகு மலங்க மலங்க விழிப்பார்கள்.

பீதி நோய் அப்படி அல்ல. சில நிமிடங்களில் உச்சிக்கு ஏறி, பெரும்பாலும் அரை மணிக்குள் இறங்கும். நினைவு தவறாது. என்ன நடந்தது என்று ஒன்று விடாமல் சொல்ல முடியும். ஆனால் இரண்டையும் பிரித்தறிவது எப்போதும் எளிது அல்ல. பெரிய டாக்டர்களே தடுமாறும் இடம் இது.

காதுக்கு மேலே உள்ள மூளையில் பயம் ஒளிந்திருக்கிறது என்பதைக் கண்ணால் கண்டவர் கனடா நாட்டு மான்ட்ரியல் நகர டாக்டர் பென்பீல்டு. மூளையைத் தொட்டால் மூளைக்கு வலிக்காது. ஆகையால் மண்டையைத் திறந்து ஆபரேஷன் செய்யும்போதே நோயாளியை விழித்திருக்கச் செய்து, மூளையின் ஒவ்வோர் இடத்தையும் மெல்லிய மின்சாரத்தால் தொட்டுப் பார்த்தார். அந்தப் பகுதியைத் தொட்டதும் சிலர், "பயமாக இருக்கிறதே!" என்றார்கள். எதிரே பயப்பட ஒன்றும் இல்லை!

அந்த பென்பீல்டிடம் படித்துவிட்டு வந்தவர்தான் டாக்டர் ஜேக்கப் சாண்டி. 1949-ம் ஆண்டில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மூளை நரம்பு வைத்தியப் பகுதியைத் தொடங்கினார். இந்தியாவிலேயே அதுதான் முதல். டாக்டர் பல்தேவ் சிங் அவருக்குத் துணையாக இருந்தார். 1952-ம் ஆண்டில் வலிப்புக்கு மூளை ஆபரேஷன் அங்கே நடந்தது. சென்னைப் பொது ஆஸ்பத்திரியில் டாக்டர் பி.ராமமூர்த்தி 1950-ம் ஆண்டில் மூளை ஆபரேஷன் பகுதியைத் தொடங்கினார். சேலம், தர்மபுரிப் பக்கத்து வலிப்பு நோயாளிகளுக்கு ரயில் ஏறிப் போகக்கூடிய தூரத்தில் இந்த வைத்தியம் வந்தது அப்போதுதான்.

பீதியை வலிப்பு என்று தவறாக முத்திரை குத்தினால் என்ன ஆகும்? லாரி ஓட்டுகிறவர் வண்டியை விட வேண்டும். வேண்டாத மாத்திரையை ஆண்டுக் கணக்கில் விழுங்க வேண்டும். பெண்ணாக இருந்தால் கல்யாணம் நின்றுபோகும். 1955-ம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம், வலிப்பு உள்ளவரின் கல்யாணத்தை ரத்து செய்ய இடம் கொடுத்திருந்தது. அந்த வாசகம் 1999-ம் ஆண்டில்தான் நீக்கப்பட்டது. சட்டம் மாறிவிட்டது, சம்பந்தம் பேசுகிறவர்கள் மாற வேண்டாமா? மாறாக, வலிப்பைப் பீதி என்று விட்டுவிட்டால் கதை இன்னும் விபரீதம். கிணற்றடியிலோ, சாரத்தின் மேலோ, தொப்பூர் கணவாயில் வண்டி ஓட்டும்போதோ நினைவு தப்பினால் கேட்க வேண்டுமா!

ஒரு சோதனையிலேயே உண்மை தெரிந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. வலிப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு முதல் பதிவில் ஒன்றும் தெரியாமல் போகலாம். அதனால் சில சமயம் நோயாளியை ஆஸ்பத்திரியிலேயே படுக்க வைத்து, தலையில் கம்பியும் எதிரே கேமராவும் வைத்து, வேதனை வரும்வரை நாள் கணக்கில் காத்திருக்கிறார்கள்.

மூன்று நிமிட மூச்சு

சோதனையின் நடுவில், "மூன்று நிமிடம் பலமாக மூச்சு வாங்குங்கள்" என்பார்கள். மறைந்திருக்கும் சில வகை வலிப்பு அலைகள் அப்போது வெளியே வரும். கூடவே இன்னொன்றும் நடக்கும். பலமாக மூச்சு வாங்கினால் ரத்தத்தில் உள்ள கரியமில வாயு குறைகிறது. மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சற்றுச் சுருங்குகின்றன. தலை சுற்றும். விரல்கள் மரத்துப்போகும். உதடு சிலுசிலுக்கும்.

பீதி நோய்க்காரர் அப்போது திடுக்கிட்டு, "இதேதான்! இதேதான் எனக்கு வருவது!" என்பார்.

உயிர் போகிறது என்று அவர் நினைத்ததில் ஒரு பங்கு, பயத்தில் அவரே அளவுக்கு மீறி மூச்சு வாங்கியதால் வந்தது. இது நேரில் தெரிந்துவிட்டாலே பலருக்குப் பாதிப் பயம் போய்விடுகிறது. இந்த நேரத்தில் காகிதத்தில் மந்தமான பெரிய அலைகள் தோன்றும். இளம் வயதினருக்கும் பட்டினியாக வந்தவருக்கும் அதிகமாகவே தோன்றும். அது இயற்கை. அனுபவம் இல்லாதவர் அதைப் பார்த்துவிட்டு "வலிப்பு" என்று எழுதிவிடக்கூடாது. யந்திரம் பொய் சொல்லாது, படிக்கிறவர் தவறிவிடலாம்.

மூச்சு முட்டும்போது காகிதப் பையை வாயில் வைத்து ஊதும் பழைய வழக்கத்தை டாக்டர்கள் இப்போது சிபாரிசு செய்வதில்லை. வந்திருப்பது ஆஸ்துமாவாகவோ மாரடைப்பாகவோ இருந்தால் அது ஆபத்தில் முடியும்.

கெட்ட கனவா?

நம் கொத்தனாருக்குப் பீதி வந்தது தூக்கத்தில் அல்லவா? விழித்திருக்கும்போது வந்தால், ஏதோ நினைத்துப் பயந்துவிட்டார் என்று சொல்லலாம். தூங்குகிறவர் எதை நினைத்துப் பயப்படுவார்? "கெட்ட கனவு கண்டிருப்பார்" என்றுதான் எல்லோரும் சொல்லி வந்தார்கள்.

தூக்கம் ஒரே மாதிரி இல்லை. முதலில் லேசான தூக்கம். பிறகு டெல்டா அலைகள் பெருகும் ஆழ்ந்த தூக்கம். ஏறக்குறைய ஒன்றரை மணிக்கு ஒரு தரம் கனவுத் தூக்கம். கனவுத் தூக்கத்தில் இமைக்குள் கண்கள் அங்கும் இங்கும் ஓடும். மூளை அலைகள் விழித்திருப்பவருடையவை போல வேகம் எடுக்கும். இதை 1953-ம் ஆண்டில் சிக்காகோவில் அசரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இருவர் வெளியிட்டார்கள்.

அமெரிக்காவில் மெல்மன், உடே என்ற இரு டாக்டர்கள், பீதி நோய்க்காரர்களைச் சோதனைச் சாலையில் இரவெல்லாம் தூங்க வைத்து மூளை அலைகளைப் பதிவு செய்தார்கள். 1989-ம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே சிலருக்குப் பீதி வந்தது. காகிதச் சுருளைத் திருப்பிப் பார்த்தார்கள். பீதி வந்த நேரத்துக்கு முன்னால் கனவுத் தூக்கமே இல்லை! லேசான தூக்கத்திலிருந்து ஆழ்ந்த தூக்கத்துக்கு இறங்கும் கட்டத்தில் பீதி எழுந்திருந்தது. கெட்ட கனவு அல்ல; கெட்ட நினைவும் அல்ல. மனம் ஓய்ந்து, உடம்பு தளரும் வேளையில், உடம்பிலிருந்தே ஒரு பொய் அபாயச் சங்கு ஊதுகிறது.

"ஒன்றும் இல்லை" என்று சொல்லித் திருப்பி அனுப்பப்பட்ட ஆயிரக்கணக்கானவர்களுக்கு இந்தக் காகிதச் சுருள் ஒரு சாட்சி.

நம் ஊரில் "அமுக்குவான் பேய்" என்று ஒன்றைச் சொல்வார்கள். விழித்துக்கொண்டது போல் இருக்கும், கைகால் அசையாது, நெஞ்சின் மேல் யாரோ ஏறி உட்கார்ந்திருப்பது போல் இருக்கும். அது வேறு வகை. கனவுத் தூக்கத்தில் உடம்பு செயலற்றுக் கிடப்பது இயற்கை. அது கலைவதற்கு முன் மனம் விழித்துக்கொண்டால் வரும் திகைப்பு அது. இரண்டும் ஒரே இரவுப் பயம் போலத் தோன்றும். மூளை அலை இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டிவிடுகிறது.

பனி நீரில் கை

பயத்தின் அலையைப் பார்த்தோம். பயம் அற்றவர்களின் அலை எப்படி இருக்கும்?

வேலூரில் இருந்த டாக்டர் பல்தேவ் சிங் பிறகு டெல்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞான நிலையத்துக்குப் போனார். அங்கே ஆனந்த், சின்னா என்ற விஞ்ஞானிகளுடன் சேர்ந்து யோகிகளின் மூளை அலைகளைப் பதிவு செய்தார். 1961-ம் ஆண்டில் அது வெளிவந்தது. சமாதியில் அமர்ந்த யோகிகளுக்கு ஆல்பா அலை ஓடிக்கொண்டே இருந்தது. வெளிச்சம் காட்டினார்கள், பலத்த ஓசை எழுப்பினார்கள், ஆல்பா கலையவில்லை. இரண்டு யோகிகள் 4 டிகிரி குளிர் நீரில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் கையை வைத்திருந்தார்கள். அப்போதும் ஆல்பா குறையவில்லை!

பீதி நோய்க்காரர்களுக்கு இதற்கு எதிர்மாறாக ஆல்பா குறைவு என்றும், வேக அலைகள் அதிகம் என்றும் சில ஆராய்ச்சிகள் கூறின. ஜெர்மனியில் வீடெமான் என்பவரும் அவர் குழுவினரும் 1999-ம் ஆண்டில் இன்னொன்றைச் சொன்னார்கள். நெற்றியின் வலது பக்கத்து மூளையும் இடது பக்கத்து மூளையும் சரிசமமாக வேலை செய்யவில்லை. பீதி நோய்க்காரர்களுக்குச் சும்மா இருக்கும்போதும் பயப் படங்களைப் பார்க்கும்போதும் வலது பக்கம் ஓங்கி நிற்கிறது என்பது அவர்கள் முடிவு.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை வைத்து ஒருவருக்கு "உனக்குப் பீதி நோய்" என்று சீட்டு எழுதிக் கொடுக்க முடியாது. பத்துப் பேர் சராசரியில் தெரிவது, பதினோராவது ஆளிடம் தெரியாது. நல்ல திடமுள்ளவருக்கும் ஆல்பா குறைவாக இருக்கலாம். வண்ண வண்ணமாக மூளைப் படம் போட்டுக் காட்டி, "பயம் இதோ இருக்கிறது" என்று யாராவது பணம் கேட்டால், ஆடு விற்கப் போகிறவர் சற்று யோசிக்க வேண்டும்.

யந்திரத்துக்கு எட்டாத இடம்

இன்னொரு கஷ்டமும் உண்டு. கூப்பிட்டால் பீதி வராது. கம்பி மாட்டிக்கொண்டு காத்திருக்கும் நாளில் வரவே வராது!

ஆகவே ஆராய்ச்சியாளர்கள் அதை வரவழைத்துப் பார்த்தார்கள். கடுமையாக உழைத்தால் உடம்பில் லாக்டேட் என்ற பொருள் சேரும். 1967-ம் ஆண்டில் பிட்ஸ், மெக்ளூர் என்ற அமெரிக்க டாக்டர்கள் லாக்டேட் உப்புக் கரைசலை ரத்தக் குழாயில் ஏற்றினார்கள். நோயாளிகள் 14 பேரில் 13 பேருக்குப் பீதி கிளம்பியது. நோய் இல்லாத 10 பேரில் 2 பேருக்குத்தான் வந்தது. "கோழை மனம்" என்ற வாதம் அன்றே ஆட்டம் கண்டது.

மூளையின் அடியில், காதுக்கு நேர் உள்ளே, வாதுமைப் பருப்பு போல ஒரு பாகம் இருக்கிறது. அமிக்டலா என்று அதற்குப் பெயர். பயத்தின் இருப்பிடம் அது என்கிறார்கள். மண்டை ஓட்டுக்கு வெளியே ஒட்டிய வில்லைக்கு அவ்வளவு ஆழத்தில் நடப்பது சரியாக எட்டாது. கிணற்றின் மேல் நின்று ஊற்றுக்கண்ணைப் பார்ப்பது போலத்தான்.

அமிக்டலா இருபுறமும் அழிந்துபோன ஒரு பெண் அமெரிக்காவில் இருக்கிறார். பாம்புக்கும் பயம் இல்லை. கத்தி காட்டினாலும் பயம் இல்லை. அவரையும் அதே குறை உள்ள வேறு இருவரையும் கரியமில வாயு கலந்த காற்றைச் சுவாசிக்கச் செய்தார்கள். முடிவு 2013-ம் ஆண்டில் வெளிவந்தது. பயம் என்றால் என்னவென்றே தெரியாத அந்த மூவருக்கும் பீதி பிடித்துக்கொண்டது! மூச்சு முட்டும் பீதிக்கு மூளையில் வேறு வாசலும் இருக்கிறது. அது எது என்பதைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

அதே சாலையில்

தர்மபுரியிலிருந்து பெங்களூருக்குப் போகிறவர்கள் கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் போகிறார்கள். நகருக்குள் நுழைந்ததும் அந்த ஓசூர் சாலையிலேயே நிமான்ஸ் ஆஸ்பத்திரி இருக்கிறது. 1954-ம் ஆண்டில் அங்கே அகில இந்திய மனநல நிலையம் ஏற்பட்டது. 1974-ம் ஆண்டில் அதையும் பழைய மனநோய் ஆஸ்பத்திரியையும் ஒன்றாக்கி நிமான்ஸ் ஆக்கினார்கள். மன வைத்தியமும் மூளை நரம்பு வைத்தியமும் ஒரே வளாகத்தில் இருப்பதால், வலிப்பா, பீதியா என்ற கேள்விக்கு இரு தரப்பு டாக்டர்களும் ஒரே இடத்தில் விடை தேட முடிகிறது. வேலைக்குப் போகும் கொத்தனார் எத்தனையோ தடவை அந்த வாசலைக் கடந்து போயிருப்பார். அது "பைத்தியக்கார ஆஸ்பத்திரி" என்பதால் இறங்கியிருக்க மாட்டார்.

நிமான்ஸ் 2015, 2016-ம் ஆண்டுகளில் தமிழ்நாடு உள்பட 12 மாநிலங்களில் நடத்திய கணக்கெடுப்பில், மனநோய் உள்ளவர்களில் வியாதிக்குத் தக்கபடி நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை வைத்தியம் பெறவில்லை என்று தெரிந்தது. முதல் அடி எடுத்து வைக்கப் பெங்களூர் வரை போகவும் வேண்டியதில்லை. தர்மபுரியிலேயே 2008-ம் ஆண்டு முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2022-ம் ஆண்டில் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் திட்டத்தில் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் தமிழிலேயே யோசனை கேட்கலாம், கட்டணம் இல்லை.

நெஞ்சு வலி முதல் தடவை வந்தால், அது பீதிதான் என்று தானே முடிவு கட்டிவிடக்கூடாது. இருதயம், தைராய்டு, சர்க்கரை எல்லாவற்றையும் ஒரு முறை பார்த்துவிட வேண்டும். அவற்றில் குறை இல்லை என்று தெரிந்த பிறகு பத்து ஸ்கேன் எடுப்பது வீண். பீதி நோய்க்கு நல்ல மாத்திரைகள் உண்டு. முழுப் பலன் தெரியச் சில வாரம் ஆகும். அதற்குள் "கேட்கவில்லை" என்று நிறுத்திவிடுகிறவர்களே அதிகம். மாத்திரை இல்லாமல் பேச்சாலும் பயிற்சியாலும் குணமாக்கும் முறையும் இருக்கிறது.

அந்தப் பயிற்சியில் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. படபடப்பு வரும் என்று தெரிந்தே கிளம்ப வேண்டும். வந்தால் ஓடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அது உச்சிக்கு ஏறித் தானாக இறங்குவதைக் கவனிக்க வேண்டும். பஸ்சுக்குப் பயந்தவர் முதல் வாரம் காரிமங்கலம் வரை போய்த் திரும்பலாம். துணைக்கு மனைவி வரலாம். அடுத்த வாரம் காவேரிப்பட்டணம். அதற்கு அடுத்த வாரம் தனியாகக் கிருஷ்ணகிரி. பிறகு சூளகிரி, ஒரு முறை அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பஸ்சை நிறுத்தச் சொன்ன இடம். அங்கே கீழே இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு, அடுத்த பஸ்சில் ஓசூருக்கு டிக்கெட் வாங்கலாம்.